நேரு வேண்டாம் என்றாரா? – ஒரு விவாதமும் சில பழைய காகிதங்களும்

2004-ஆம் ஆண்டுப் பொங்கல் விழா. நம் சங்க அரங்கில் காலையில் கோலப் போட்டி, பிள்ளைகளின் திருக்குறள் ஒப்புவித்தல் எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமான கருத்தரங்கம். ‘இந்தியாவும் ஐக்கிய நாடுகள் சபையும்’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். வரலாறு எனக்குத் தொழில் அல்ல. அலுவலகம் போக மிச்சமிருந்த நேரத்தில் படித்து வந்தவன், அவ்வளவுதான். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த அந்த வேளையில், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைநகருக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

“தம்பி, எல்லாம் சரி. பாதுகாப்புக் கவுன்சில்ல நிரந்தர இடம் நமக்குத் தானா வந்துச்சு, நேருதான் வேண்டாம், சீனாவுக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டாருன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே?”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

2003-இல் வெளிவந்த சசி தரூரின் நேரு பற்றிய ஆங்கில நூலில் இந்தச் செய்தி இருந்தது. 1953 வாக்கில் அமெரிக்கா இந்தியாவுக்கு நிரந்தர இடம் தர முன்வந்ததாகவும், நேரு மறுத்ததாகவும், கோப்புகளைப் பார்த்த இந்திய வெளியுறவு அதிகாரிகள் உறுதியாகச் சொல்வதாகவும் அதில் வரும். பொங்கலுக்கு முந்தின வாரம் பத்திரிகைகளிலும் அது அடிபட்டது. அண்ணாச்சி சொன்னது அதைத்தான்.

நான் அன்று கொஞ்சம் மிடுக்காகவே பதில் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1955 செப்டம்பர் 27 அன்று மக்களவையில் டாக்டர் ஜே.என். பாரேக் என்ற உறுப்பினர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதற்கு நேரு, முறையாகவோ முறைசாராமலோ அப்படி எந்த அழைப்பும் வரவில்லை, பத்திரிகைகளில் வந்த தெளிவற்ற குறிப்புகளுக்கு ஆதாரம் கிடையாது, ஐ.நா. சாசனத்தைத் திருத்தாமல் புதிய நிரந்தர இடம் யாருக்கும் கிடைக்காது என்று பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் நாளிதழ்களிலும் வந்திருக்கிறது. இதை என் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டி, “பிரதமரே நாடாளுமன்றத்தில் சொன்னது இது. இதைவிட மூல ஆதாரம் வேறென்ன வேண்டும் அண்ணாச்சி? மற்றதெல்லாம் கட்டுக்கதை” என்று முடித்தேன். கைதட்டினார்கள். அண்ணாச்சி முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னது தவறு. அந்தத் தவறு எனக்குத் தெரியவந்த கதைதான் இந்தக் கட்டுரை. வெளியுறவு வரலாற்றை ஆராய விரும்பும் நம் சங்கத்து இளைஞர்களுக்கு இது வழிகாட்டியாகவும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நான் எங்கே சறுக்கினேன்? நாடாளுமன்றப் பதில் மூல ஆதாரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது எதற்கு மூல ஆதாரம்? 1955 செப்டம்பர் 27 அன்று இந்திய அரசு வெளியே என்ன சொல்ல விரும்பியது என்பதற்கு. அதற்கு முன் மூடிய கதவுக்குள் என்ன நடந்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி ஆகாது. இந்த வித்தியாசம் கல்லூரியில் வரலாறு படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஜெயிக்கிற அவசரத்தில் மறந்துபோனது.

விழா முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, வேறு ஏதோ விஷயத்துக்காக தீன் மூர்த்தி நூலகத்துக்குப் போயிருந்தேன். (அப்போது நேரு நினைவு அருங்காட்சியகம் மற்றும் நூலகம், 2023-இல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று பெயர் மாறியது.) அங்கே நேருவின் ‘தேர்ந்தெடுத்த படைப்புகள்’ இரண்டாம் வரிசை அலமாரி முழுக்க நிற்கும். 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்ததில் தொடங்கி 1964 மே மாதம் வரை போகும் வரிசை அது. பிற்பாடு 85 தொகுதிகளோடு நிறைவு பெற்றது. பெயரைப் பார்த்தால் ஏதோ சொற்பொழிவுத் தொகுப்பு மாதிரித் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் கடிதங்கள், தந்திகள், கோப்பில் எழுதிய குறிப்புகள், வெளிநாட்டுத் தலைவர்களோடு பேசியதன் பதிவுகள் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. வெளியுறவு வரலாறு படிப்பவன் வெளியே அலைவதற்கு முன் உட்கார வேண்டிய இடம் இதுதான். இப்போது இந்தத் தொகுதிகளை இணையத்திலேயே படிக்கலாம் என்பதால், வேறு ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை.

29-ஆம் தொகுதியை எடுத்தேன். 1955 ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலம். அந்த ஜூனில் நேரு சோவியத் யூனியனில் நீண்ட சுற்றுப்பயணம் செய்தார். ஜூன் 22 அன்று மாஸ்கோவில் சோவியத் பிரதமர் புல்கானினோடு பேசியதன் பதிவு அதில் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்த எனக்கு ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. பிற்பாடு ஒரு கட்டத்தில் பாதுகாப்புக் கவுன்சிலில் இந்தியாவை ஆறாவது உறுப்பினராக்க முன்மொழியலாம் என்று எண்ணுவதாகப் புல்கானின் சொல்கிறார். நேரு என்ன பதில் சொல்கிறார்? சீனாவின் இடத்தில் இந்தியாவை வைக்கலாம் என்று அமெரிக்காவில் சிலர் பேசுகிறார்கள். அது எங்களுக்கும் சீனாவுக்கும் சண்டை மூட்டுவதற்காக. அதை முழுக்க எதிர்க்கிறோம். நாங்களாக முண்டியடித்து இடம் பிடிக்கவும் விரும்பவில்லை. முதலில் சீனாவின் பிரச்சினை தீரட்டும். சாசனத் திருத்தத்துக்கு இது நேரம் அல்ல. இதுதான் சாரம். உடனே புல்கானின், உங்கள் கருத்தை அறியத்தான் பேச்சை எடுத்தோம், இது அதற்கான நேரம் அல்ல என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம் என்கிறார்.

நூலகத்தில் குளிர்சாதனம் இருந்தும் எனக்கு வியர்த்தது. அழைப்பு ‘முறைசாராமல்கூட’ வரவில்லை என்று மூன்று மாதம் கழித்து மக்களவையில் சொன்னவரும் இதே நேருதான்!

சரி, ஒன்று கிடைத்தால் அதோடு விடக்கூடாது என்று நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களின் நான்காம் தொகுதியைத் தேடினேன். மாநில முதலமைச்சர்களுக்கு மாதம் இருமுறை போலக் கடிதம் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் கடிதங்களை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தவர் நம் ஜி. பார்த்தசாரதி. கோபாலஸ்வாமி ஐயங்காரின் மகன், பீகிங்கில் தூதராக இருந்தவர், ரஞ்சி கோப்பையில் மெட்ராஸ் அணிக்கு ஆடியவரும்கூட. 1955 ஆகஸ்ட் 2 தேதியிட்ட கடிதத்தில் நேரு எழுதுகிறார்: சீனாவை ஐ.நா.வில் சேர்த்துக்கொண்டாலும் பாதுகாப்புக் கவுன்சிலில் வைக்காமல், அந்த இடத்தை இந்தியாவுக்குத் தரலாம் என்று அமெரிக்கா முறைசாரா வகையில் யோசனை சொல்லியிருக்கிறது; நாம் ஏற்க முடியாது; அப்படி ஏற்பது சீனாவோடு பகையை வாங்குவதாகும்; சீனா மாதிரி ஒரு பெரிய நாடு அதில் இல்லாமல் இருப்பதும் நியாயமில்லை.

ஆக, ‘முறைசாரா’ என்ற அதே சொல். ஆகஸ்டில் முதலமைச்சர்களிடம் இருந்தது என்கிறார். செப்டம்பரில் மக்களவையிடம் இல்லை என்கிறார். எட்டு வார இடைவெளி.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. சர்வபள்ளி கோபால், நம் ராதாகிருஷ்ணனின் மகன், சென்னையில் பிறந்தவர், வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். அவர் எழுதிய நேரு வரலாற்றின் இரண்டாம் பாகம் 1979-லேயே வந்துவிட்டது. சோவியத் யோசனையை நேரு ஏற்கவில்லை, சீனாவுக்கே முன்னுரிமை என்றார் என்று அதில் ஒரே வரியில் இருக்கிறது. அந்தப் புத்தகம் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. படித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த வரி என் கண்ணில் படவில்லை. நாம் எதைத் தேடுகிறோமோ அதுதானே கண்ணில் படும்?

இதற்குள் எனக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அச்சில் வந்தது போதாது, கோப்பையே பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன். இங்கே புதியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அரசுக் கோப்பு தேடுவது நூலகத்தில் புத்தகம் தேடுவது போல அல்ல. தலைப்பை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோப்பு எந்தத் துறையில், எந்தப் பிரிவில், எந்த வருஷத்தில் திறக்கப்பட்டது என்று யோசிக்க வேண்டும். துறையின் பெயரோ அடிக்கடி மாறும். வெள்ளைக்காரன் காலத்து ‘ஃபாரின் டிபார்ட்மெண்ட்’ 1914-இல் ‘ஃபாரின் அண்ட் பொலிட்டிகல்’ ஆனது. 1937-இல் அது இரண்டாகப் பிரிந்து ‘எக்ஸ்டர்னல் அஃபேர்ஸ்’ தனியாக வந்தது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். இன்றைய பெய்ஜிங்கை இந்தியக் கோப்புகள் பீகிங் என்னும். அதே வருஷத்து அமெரிக்க ஆவணம் பீப்பிங் என்னும். தைவான் என்று தேடினால் அகப்படாதது ஃபார்மோசா என்று தேடினால் வந்து விழும்.

ஜன்பத்தில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, தலைநகரோடு சேர்ந்து இங்கே வந்தது. லட்யென்ஸ் வடிவமைத்த அந்தக் கட்டடத்தைப் பார்க்காத டெல்லித் தமிழர் இருக்க மாட்டார். உள்ளே போனவர்தான் குறைவு. 2015 முதல் ‘அபிலேக் படல்’ என்ற இணையதளத்தில் அதன் பட்டியலைத் தேடலாம், இலட்சக்கணக்கான பக்கங்களைப் பார்க்கவும் செய்யலாம். நான் அலைந்த நாட்களில் அந்த வசதி இல்லை. தடித்த பட்டியல் புத்தகங்களில் விரலை ஓட்டி எண் குறித்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒரு காப்பகத்தில் (பெயர் வேண்டாம்) ஐந்து கோப்புகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மூன்று சீட்டுகள் திரும்பி வந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் ‘என்.டி.’ என்று இரண்டெழுத்து. எனக்குப் புரியவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த வங்காளி ஆராய்ச்சி மாணவி சிரித்துவிட்டாள். “நாட் ட்ரான்ஸ்ஃபர்ட் அங்கிள்.” அதாவது பட்டியலில் பெயர் வந்துவிட்டது, கோப்பு அமைச்சகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்து, மாப்பிள்ளை வராத கதை. நான்காவது கோப்பு வந்தது. அதில் ஏதோ தூதரகத்துக்கு மேஜை நாற்காலி வாங்கிய கணக்கு. ஐந்தாவதில் நான் தேடிய வருஷத்துத் தந்திகள் சில இருந்தன, நான் தேடியது இல்லை.

30 ஆண்டு கடந்த, இரகசிய முத்திரை இல்லாத, காப்பகத்துக்கு வந்து சேர்ந்த ஆவணங்களை ஆய்வாளர்களுக்குக் காட்டலாம் என்கிறது 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம். சட்டத்தில் எத்தனை ‘உள்ள’, ‘கடந்த’, ‘வந்து சேர்ந்த’ என்று எண்ணிப் பாருங்கள். முத்திரையை எடுக்க வேண்டியவரும், அனுப்ப வேண்டியவரும் கோப்பை வைத்திருக்கிறவரே. 1962 தோல்வியைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை நம் அரசு வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் 2014-இல் தாமாகவே இணையத்தில் போட்டதால்தான் நாம் படித்தோம். நம் வரலாற்றை நாம் அயலார் வீட்டில் போய்த் தேட வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

அயலார் வீடு என்றேன். அங்கே நிலைமை பரவாயில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் தன் கடிதங்களையும் தந்திகளையும் தொகுத்து அச்சிட்டு வருகிறது. ‘ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற அந்த வரிசையை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம், காசில்லாமல். 1950-ஆம் ஆண்டுக்கு மட்டும் பல தொகுதிகள், இரண்டாவதில் ஐ.நா., ஐந்தாவதில் தெற்காசியா, ஏழாவதில் கொரியா. பிரிட்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டெல்லியிலிருந்த அவர்களுடைய தூதர் நம்மைப் பற்றி லண்டனுக்கு எழுதியதெல்லாம் இருக்கிறது. நம் அமைச்சர்கள் விருந்தில் என்ன பேசினார்கள் என்பதை நம் கோப்பைவிட அவர்கள் கோப்பு விவரமாகச் சொல்லும். சீனாவிலோ கதை வேறு. 2004-இல் தங்கள் வெளியுறவு ஆவணங்களைத் திறந்து, படிப்படியாக 1965 வரை காட்டினார்கள். 2012, 2013 வாக்கில் பெரும்பகுதியை மறுபடி மூடிவிட்டார்கள். திறந்திருந்த அந்தச் சில வருஷத்தில் போய்ப் படியெடுத்தவர்கள் புண்ணியவான்கள்.

தனியார் தாள்களை மறந்துவிடக்கூடாது. பெரிய மனிதர்கள் இறந்த பின் குடும்பத்தார் பெட்டி பெட்டியாகக் கடிதங்களை நூலகங்களுக்குக் கொடுப்பது உண்டு. தீன் மூர்த்தியில் ராஜாஜி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பி.என். ஹக்சர், விஜயலட்சுமி பண்டிட் என்று பலருடைய தாள்கள் இருக்கின்றன. அமைச்சகம் அனுப்பாத கோப்பின் நகல், அதிகாரியின் வீட்டுப் பெட்டியில் இருந்துவிடும். சிலவற்றுக்குக் குடும்பத்தின் அனுமதி வேண்டும். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போக வேண்டும். பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை எனக்குப் போதவில்லை. எனக்குப் போதாதது லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஆன்டன் ஹார்டர் என்ற இளைஞருக்கு இருந்தது. 2015-இல் வாஷிங்டனின் வில்சன் மையம் அவருடைய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. விஜயலட்சுமி பண்டிட் தாள்களில், அதாவது நான் வாரம் ஒரு தடவை போய் டீ குடித்துவிட்டு வந்த அதே வளாகத்தில், அவர் இரண்டு கடிதங்களை எடுத்திருந்தார்.

முதலாவது 1950 ஆகஸ்ட் 24 தேதியிட்டது. அப்போது வாஷிங்டனில் நம் தூதர் விஜயலட்சுமி. அண்ணனுக்கு எழுதுகிறார்: பாதுகாப்புக் கவுன்சிலில் சீனாவை எடுத்துவிட்டு இந்தியாவை வைக்க வெளியுறவுத் துறையில் ஏதோ சமையல் நடக்கிறது, டல்லஸும் ஜெஸப்பும் இதில் முனைப்பாக இருப்பதாகத் தெரிகிறது, இதற்கு ஆதரவாகப் பொதுக் கருத்தை உருவாக்கும்படி டல்லஸ் தம்மிடம் கேட்டதாக மார்க்விஸ் சைல்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் நேற்றிரவு சொன்னார், இந்தியாவில் இதற்கு வரவேற்பு இருக்காது, நிதானமாகப் போங்கள் என்று நான் சொல்லிவைத்தேன். நேருவின் பதில் ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 30-இல். நிரந்தர இடத்துக்கு இந்தியா தகுதியான நாடுதான், ஆனால் சீனாவைத் தள்ளிவிட்டு நாம் அங்கே போய் உட்கார மாட்டோம் என்பது அதன் சாரம். சீனாவுக்கு அது நேரடி அவமதிப்பாகும், நமக்கும் அவர்களுக்கும் முறிவு வரும் என்றும் எழுதுகிறார்.

அந்தக் கட்டுரையை நான் மூன்று தடவை படித்தேன். அண்ணாச்சி சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது! 1953 என்ற வருஷத்துக்குத்தான் காகிதம் எதுவும் கையில் இல்லை. 1950-க்கு இருக்கிறது, 1955-க்கு இருக்கிறது. கோப்பைப் பார்த்தவர் சொல்லக் கேட்டவர் எழுதியது என்று செய்தி கைமாறும்போது வருஷம் கரைந்துபோவது சகஜம்.

ஆனால் பாதிதான் உண்மை என்று ஏன் சொல்கிறேன்? இங்கேதான் காகிதம் கிடைத்தால் மட்டும் போதாது, அதை விசாரிக்கவும் வேண்டும் என்பது வருகிறது. விஜயலட்சுமியின் கடிதம் எதற்குச் சாட்சி? ஒரு பத்திரிகையாளர் இரவில் அவரிடம் என்ன சொன்னார் என்பதற்கு. டல்லஸ் என்றதும் நமக்குப் பிற்காலத்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஞாபகம் வரும். 1950-இல் அவர் அமைச்சர் அல்ல. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஓர் ஆலோசகர். அமைச்சர் டீன் அச்செசன். ஆலோசகர் ஒருவர் பத்திரிகைக்காரர் மூலம் காற்றில் விட்ட பட்டத்தை ‘அமெரிக்கா இடம் கொடுத்தது’ என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொரியப் போர் தொடங்கியது 1950 ஜூன் 25. சீனாவின் இடத்தில் சியாங் கை ஷேக்கின் ஆட்களை உட்கார வைத்திருப்பதை எதிர்த்து அந்த ஜனவரியிலிருந்தே சோவியத் யூனியன் கவுன்சிலைப் புறக்கணித்து, ஆகஸ்ட் முதல் தேதிதான் திரும்பி வந்தது. அந்த வருஷம் இந்தியா கவுன்சிலின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். ஜூலை 13-இல் நேரு ஸ்டாலினுக்கும் அச்செசனுக்கும் கடிதம் எழுதி, பீகிங் அரசைக் கவுன்சிலுக்குள் கொண்டுவந்து கொரியாவில் சமாதானம் தேடலாம் என்று கேட்கிறார். ஸ்டாலின் வரவேற்றார், அச்செசன் மறுத்துவிட்டார். சீனாவை உள்ளே விடுங்கள் என்று உலகத்துக்கே கடிதம் எழுதி ஆறு வாரம்கூட ஆகவில்லை. அப்போது சீனாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள் என்று ஒரு பேச்சு வருகிறது. நேரு என்ன செய்திருக்க முடியும்? ஏற்றிருந்தால் அத்தனை நாள் பேசியதற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும்.

இன்னொரு சங்கதி. ஐ.நா. சாசனத்தின் 23-ஆவது பிரிவில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சீனக் குடியரசு அதில் ஒன்று. அந்தப் பெயரின் நாற்காலியில் எந்தச் சீன அரசு உட்காருவது என்பது பிரதிநிதித்துவப் பிரச்சினை. 1971 அக்டோபர் 25-இல் பொதுச்சபைத் தீர்மானத்தாலேயே அது தீர்ந்துவிட்டது, சாசனத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்தியாவை உட்கார வைக்கச் சாசனத்தையே திருத்தியாக வேண்டும். 108-ஆவது பிரிவின்படி அதற்குப் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒப்புதல் தர வேண்டும். அதாவது 1950-இல் சீனாவின் இடத்தை நமக்குத் தர மாஸ்கோவும் சம்மதிக்க வேண்டும், நாற்காலியைக் காலி செய்ய வேண்டிய சியாங் கை ஷேக் அரசும் கையெழுத்துப் போட வேண்டும். நடக்கிற காரியமா? எனவே சாசனத்தைத் திருத்தாமல் முடியாது என்று மக்களவையில் நேரு சொன்னது சட்டப்படி சரி. ‘முறைசாரா வகையிலும் இல்லை’ என்றது சரியல்ல. வக்கீல் படிப்புப் படித்தவர் கொடுத்த பதில் அது. ‘அழைப்பு’ என்ற சொல்லை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாம். முதலமைச்சர்களுக்கு எழுதும்போது அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை.

புல்கானின் பேச்சு மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1950 போல அது சீனாவைத் தள்ளிவிட்டு அல்ல, ஆறாவது இடம். சீனா வந்த பிறகு எங்கள் விஷயத்தையும் பாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மறுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பேரம் பேசாமல் விட்டது குறைதான் என்பது என் அபிப்பிராயம். புல்கானின் உடனே பின்வாங்கியதைப் பார்த்தால், அது ஆழம் பார்த்த பேச்சு என்று வாதிடுகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது.

நினைவுக் குறிப்புகளை இதில் நான் சேர்க்கவில்லை. பணிக்கரும் கே.பி.எஸ். மேனனும் எழுதியவை படிக்க வெகு சுவை. வெளியுறவுச் செயலாளராக இருந்த குண்டேவியா தம் புத்தகத்துக்கு ‘ஆவணங்களுக்கு வெளியே’ என்று பொருள்படப் பெயரே வைத்தார், நேர்மையான மனிதர். ஆனால் ஓய்வு பெற்ற பின் ஈஸிசேரில் உட்கார்ந்து எழுதும்போது, யாருக்குமே தாம் அன்று தப்புச் சொன்னதாக ஞாபகம் இருப்பதில்லை. அதை முதலில் படித்துவிட்டுக் கோப்புக்குப் போனால் கண் கட்டிவிடும். கோப்பைப் பார்த்துவிட்டு அதற்குப் போனால், எந்த இடத்தில் மௌனமாகிறார்கள் என்பது புரியும்.

2015 தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, எழுத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பதினொரு வருஷத்துக்கு முன் பொங்கல் அன்று சபையில் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. “நீங்க அன்னைக்குக் கட்டுக்கதைன்னு சொன்னீங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காபி வந்தது.

ஒவ்வொரு தாளாக எடுத்து, தேதியைச் சத்தமாகப் படித்து, மெதுவாகப் பார்த்தார். மக்களவைப் பதிலையும் முதலமைச்சர்கள் கடிதத்தையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு சிரித்தார்.

“அப்போ அமெரிக்காக்காரன் கொடுத்தான்னு நான் சொன்னதும் சரியில்ல. ஒண்ணுமே வரலன்னு நீங்க சொன்னதும் சரியில்ல. அப்படித்தானே தம்பி?”

“அப்படித்தான் அண்ணாச்சி.”

புல்கானின் பேச்சுத் தாளை மறுபடி எடுத்தார். பூதக்கண்ணாடியை அதன் மேல் நகர்த்தினார்.

“இது நம்ம ஆளு எழுதி வச்ச குறிப்புல்லா? எதிர்ல உக்காந்திருந்த ருசியாக்காரனும் ஒண்ணு எழுதியிருப்பான்லா. அதை நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றேன்.

“அதையும் பாத்துட்டு வாங்க” என்று ஃபைலை மூடி என் கையில் கொடுத்தார்.